தந்தைக்கு இளவயதில் மாரடைப்பு: பிள்ளைகள் தங்கள் மரபில் எதைத் தேட வேண்டும்?

கேள்வியின் சாரம் இது: தந்தைக்கு 46 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைக்கப்பட்டது; அவருடைய தம்பி 51 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார். கேட்பவருக்கு வயது 33. புகைப்பதில்லை, மது அருந்துவதில்லை, சைவ உணவுக்காரர், எடையும் அளவாகவே இருக்கிறது. இதய நோய் பரம்பரையாக வரும் என்றால் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டுமா, செய்தும் பயனில்லையா என்று அறிய விரும்புகிறார்.

மரபணுச் சோதனையை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். அதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு சாதாரண இரத்தப் பரிசோதனைகளும், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன நேர்ந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஒழுங்காக எழுதி வைப்பதும்தான். இதைச் சொல்வதற்கான காரணம் விளங்க வேண்டுமானால், மரபு வழியாக வரும் இதய நோய் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குள் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத சில விஷயங்கள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். அவற்றுள் சிலவற்றுக்கு நல்ல மருந்து இருக்கிறது. சிலவற்றை அளக்க மட்டுமே முடிகிறது. சில உங்கள் தந்தைக்கு வந்த நோயோடு சம்பந்தமே இல்லாதவை.

முதலில் வயதைக் கவனியுங்கள். 78 வயதில் தாத்தாவுக்கு மாரடைப்பு வந்தது என்பதற்கும் 46 வயதில் தந்தைக்கு வந்தது என்பதற்கும் மருத்துவத்தில் பெரிய வேறுபாடு உண்டு. தந்தை அல்லது உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன்போ, தாய் அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன்போ இதயக் குழாய் அடைப்பு ஏற்பட்டிருந்தால்தான் அதை மருத்துவர்கள் குறிப்பிடத்தக்க குடும்ப வரலாறாகக் கொள்கிறார்கள். இந்த எல்லைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஸ்வீடனில் 21,004 இரட்டையர்களை 26 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 1994இல் வெளியானது. இரட்டையரில் ஒருவர் 55 வயதுக்கு முன் இதயக் குழாய் நோயால் இறந்திருந்தால், மற்றவரும் அந்நோயால் இறக்கும் வாய்ப்பு, ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த ஆண்களிடையே சுமார் 8 மடங்காகவும் தனித்தனிக் கருமுட்டைகளிலிருந்து பிறந்த ஆண்களிடையே சுமார் 4 மடங்காகவும் இருந்தது. முதலில் இறந்தவரின் வயது கூடக் கூட இந்தத் தொடர்பு தளர்ந்துகொண்டே வந்து, முதுமையில் ஏறத்தாழ மங்கிவிட்டது. மரபின் கை இளவயது மாரடைப்பில்தான் ஓங்கியிருக்கிறது. முதுமையில் வருவதற்குக் காலமும் பழக்கமும் பெரும்பாலும் போதுமான காரணங்கள்.

ஆனால் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதெல்லாம் மரபணு வழியாகத்தான் வருகிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே சமையலறை, ஒரே அளவு உப்பு, ஒரே நாற்காலி வேலை, வீட்டுக்குள் சுழன்ற ஒரே சிகரெட் புகை ஆகியவையும் குடும்பச் சொத்துதான். தந்தை நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் புகைத்தவராகவும் நாற்பதுகளில் சர்க்கரை நோயைக் கவனியாமல் விட்டவராகவும் இருந்தால், அவருடைய 46ஆம் வயது மாரடைப்பை விளக்க அரிய மரபணுவைத் தேட வேண்டியதில்லை. மாறாக, அவரும் உங்களைப் போலவே ஒழுங்காக வாழ்ந்தவர் என்றால் மரபின் மீதான சந்தேகம் வலுக்கிறது. தந்தையிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள். நம் வீடுகளில் கேட்கப்படாமலே போகும் கேள்வி இது.

இனி, ஒற்றை மரபணுவில் ஏற்படும் கோளாறால் வரும் நோய்களில் மிக முக்கியமானதும், நம்மிடையே பெரும்பாலும் கண்டறியப்படாமல் கிடப்பதுமான குடும்பவழி மிகைக்கொழுப்பு நோயைப் பார்ப்போம். உலக அளவில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இது இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அரிய நோய் என்று இதைச் சொல்லவே முடியாது. இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவர். கெட்ட கொழுப்பு எனப்படும், இரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் கொழுப்புத் துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் செல்களின் மேற்பரப்பில் இருக்கின்றன என்பதையும், இந்நோய் உள்ளவர்களிடம் அந்த ஏற்பிகள் குறைந்தோ இல்லாமலோ போகின்றன என்பதையும் 1970களில் அவர்கள் நிறுவினார்கள். 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். எல்டிஎல்லை அகற்றும் வேலையில் பெரும்பங்கு கல்லீரலுடையது. ஆகவே கோளாறு நாம் உண்ணும் உணவிலோ இதயத்திலோ தொடங்குவதில்லை. கல்லீரல் தன் வேலையை அரைகுறையாகச் செய்வதில்தான் தொடங்குகிறது. மெலிந்த உடலும் சைவ உணவும் உள்ள ஒருவருக்கு எல்டிஎல் டெசிலிட்டருக்கு 220 மில்லிகிராம் இருப்பதைக் கண்டு வீட்டார் வியப்பதற்கான விடை இதிலேயே இருக்கிறது.

கல்லீரலின் இந்தப் பங்கை உலகத்துக்கு வெளிச்சமாகக் காட்டியது 1984இல் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஓர் அறுவைச் சிகிச்சை. டெக்சாஸைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, இந்த ஏற்பிக்கான மரபணுவின் பழுதான பிரதியைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவள். அவளுடைய இரத்தத்தில் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. அந்த வயதிலேயே மாரடைப்பும் வந்துவிட்டது. சிதைந்த இதயத்தை மட்டும் மாற்றினால் புதிய இதயமும் அதே வழியில் அடைபடும் என்பதால், தாமஸ் ஸ்டார்சல் தலைமையிலான குழு இதயத்தோடு கல்லீரலையும் சேர்த்து மாற்றியது. ஏற்பிகள் சரியாக உள்ள கல்லீரல் வந்தவுடன் கொழுப்பின் அளவு பெருமளவு இறங்கியது.

அவ்வாறு இரு பிரதிகளும் பழுதாவது பல லட்சம் பேரில் ஒருவருக்கு நேர்வது. ஆயினும் இரத்த உறவில் திருமணம் செய்துகொள்ளும் சமூகங்களில் அது அந்த விகிதத்தைத் தாண்டுகிறது. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் இன்னும் நீடிக்கிற தமிழ்நாட்டில் இதை மென்று விழுங்காமல் சொல்லியாக வேண்டும். பெற்றோர் இருவரும் ஒரே பாட்டனாரிடமிருந்து பழுதான பிரதியை ஒவ்வொன்றாகப் பெற்றிருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரட்டைப் பழுது ஏற்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று. குழந்தையின் முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள் தோன்றினால் அதைத் தோல் நோய் என்று களிம்பு பூசிக்கொண்டிருக்காமல் ஒருமுறை கொலஸ்ட்ராலைப் பார்த்துவிட வேண்டும்.

ஒற்றைப் பழுது உள்ளவர்களிடம் அடையாளங்கள் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. பெரியவர்களில் எல்டிஎல் 190ஐத் தாண்டியிருப்பது முதல் எச்சரிக்கை. குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாண் வழக்கத்துக்கு மீறிப் பருத்துக் கட்டிதட்டியிருப்பது, 45 வயதுக்குள்ளேயே கருவிழியைச் சுற்றி வெண்சாம்பல் வளையம் தெரிவது ஆகியவை சிலரிடம் மட்டுமே காணப்படும். ஆனால் காணப்பட்டால் அவை வலுவான சான்றுகள். சிகிச்சையின்றி விட்டால் இந்நோய் உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு 60 வயதுக்குள்ளும் இதயக் குழாய் நோய் வெளிப்பட்டுவிடுகிறது. தைராய்டு சுரப்பு குறைந்திருந்தாலும், சிறுநீரில் புரதம் பெருமளவு வெளியேறினாலும் எல்டிஎல் உயரும் என்பதால், அவற்றை விலக்கிய பிறகே பரம்பரை என்ற முடிவுக்கு வர வேண்டும்.

இதே பாதையில் மற்றொரு மரபணு இருக்கிறது. அதன் கதை மரபணு ஆராய்ச்சி எதற்குப் பயன்படுகிறது என்று ஐயப்படுவோருக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் கதை. 2003இல் பிரான்சில் சில குடும்பங்களில் எல்டிஎல் ஏற்பி சரியாக இருந்தும் கொழுப்பு உயர்ந்திருப்பதை ஆராய்ந்தவர்கள், பிசிஎஸ்கே9 என்ற புரதம் அளவுக்கு மீறி வேலை செய்வதைக் கண்டார்கள். ஏற்பிகளை அழிவுக்கு அனுப்புவதே அதன் வேலை. அப்படியானால் இந்தப் புரதம் பிறவியிலேயே முடங்கியவர்களுக்கு என்ன ஆகும் என்று டல்லஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் இருவரும் தேடினார்கள். 2006இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, கறுப்பின அமெரிக்கர்களில் சுமார் 2.6 சதவீதத்தினரிடம் இந்த மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்திருந்தது. அவர்களுடைய எல்டிஎல் மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவு, இதயக் குழாய் நோயோ 88 சதவீதம் குறைவு. இரு பிரதிகளும் செயலிழந்து, எல்டிஎல் வெறும் 14 ஆக இருந்தும் முழு ஆரோக்கியத்தோடு வாழ்ந்த ஒரு பெண்ணும் அடையாளம் காணப்பட்டார். அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015இல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன.

28க்கு 88 என்ற அந்தப் பொருத்தமின்மையைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஐம்பது வயதில் மாத்திரை தொடங்கி எல்டிஎல்லை அதே அளவு குறைப்பவர்களுக்கு இவ்வளவு பாதுகாப்பு கிடைப்பதில்லை. பிறந்த நாள் முதல் குறைவாக இருந்ததால்தான் அது கிடைத்தது. குழாய்ச் சுவரில் படிவது ஒரு நாளைய அளவன்று, ஆண்டுக் கணக்கில் கூடிய மொத்தம். குடும்பவழி மிகைக்கொழுப்பு உள்ள குழந்தைகளுக்கு எட்டுப் பத்து வயதிலேயே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கலாம் என்று வழிகாட்டு நெறிகள் கூறுவதற்கும், 33 வயதில் இந்தக் கேள்வியைக் கேட்பது 50இல் கேட்பதைவிட எவ்வளவோ மேல் என்று நான் கருதுவதற்கும் இதுவே அடிப்படை.

நான் முதலில் குறிப்பிட்ட இரண்டு பரிசோதனைகளில் ஒன்று, இரத்தக் கொழுப்பு வகைகளை அளக்கும், எல்லோருக்கும் தெரிந்த லிப்பிட் ப்ரொஃபைல். மற்றது பலரும் கேள்விப்படாத லைப்போபுரதம்-ஏ. இது எல்டிஎல் துகளோடு இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்ட வடிவம். 1963இல் நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் இதைக் கண்டறிந்தார். இதன் அளவில் 70 முதல் 90 சதவீதம் வரை மரபே தீர்மானிக்கிறது. ஆறாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் ஒரு சிறு பகுதி திரும்பத் திரும்ப வருகிறது. அது எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். குறைந்த முறை வந்தால் புரதம் சிறியதாக உருவாகி, கல்லீரல் அதை அதிக எண்ணிக்கையில் வெளியிடுகிறது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் உள்ளவர்கள் உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். தெற்காசியர்களின் சராசரி அளவு ஐரோப்பியர்களைவிட அதிகம். மாரடைப்புக்கு மட்டுமின்றி, இதயத்தின் பெருந்தமனி வால்வு சுண்ணாம்பு படிந்து குறுகுவதற்கும் இது காரணமாகிறது.

இதில் மனத்தை உறுத்தும் விஷயம், நடைப்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் இந்த அளவு ஏறத்தாழ அசைவதே இல்லை என்பது. ஸ்டேட்டினும் இதைக் குறைப்பதில்லை. கல்லீரலில் இதன் உற்பத்தியையே தடுக்கும் ஊசி மருந்துகள் பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டு வருகின்றன. பிறகு ஏன் அளக்க வேண்டும் என்று கேட்கலாம். லைப்போபுரதம்-ஏ உயர்ந்திருப்பது தெரிந்தால், எல்டிஎல் 130 இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடக்கூடிய மருத்துவர் அதை 70க்குக் கீழே கொண்டுவர முனைவார். இரத்த அழுத்தத்தில் காட்டும் சலுகையை நிறுத்துவார். மாற்ற முடியாத ஒன்றின் சுமையை, மாற்றக்கூடிய மற்றவற்றைக் கடுமையாகக் குறைப்பதன் மூலம் ஈடுகட்டுவதே இப்போதைய வழி. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும், ஏனெனில் அளவு பெரிதாக மாறுவதில்லை.

இந்த இரண்டிலும் சிக்காதவர்களே அதிகம். அவர்களுடைய மரபுச் சுமை எங்கே இருக்கிறது? 2007இல் ஐஸ்லாந்துக் குழுவும் கனடாவின் ஒட்டாவாவை மையமாகக் கொண்ட குழுவும் தனித்தனியே, ஒன்பதாம் குரோமோசோமில் 9பி21 என்ற பகுதியில் ஒரு மாற்றத்தைக் கண்டறிந்தன. அந்த இடத்தில் புரதம் எதையும் உருவாக்கும் மரபணுவே இல்லை. கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை எதையும் அது உயர்த்துவதில்லை. இருந்தும் ஒவ்வொரு பிரதிக்கும் ஆபத்தை ஏறக்குறைய கால்பங்கு கூட்டுகிறது. ஐரோப்பியர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அதன் இரு பிரதிகளையும் உடையவர்கள். இவ்வளவு பரவலாக உள்ள ஒன்றை நோய் என்று அழைப்பதே பொருந்தாது. அதன் பிறகு இத்தகைய இடங்கள் இருநூறுக்கும் மேல் கண்டறியப்பட்டுவிட்டன; ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. லட்சக்கணக்கான இடங்களிலுள்ள இத்தகைய சிறு விளைவுகளைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகத் தரும் முறைதான் பல்மரபணு ஆபத்து மதிப்பெண். 2018இல் வெளியான பிரிட்டன் மக்கள்தொகை ஆய்வொன்றில், அந்த மதிப்பெண்ணின் உச்சியில் இருந்த 8 சதவீதத்தினருக்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தது.

இணையத்தில் எச்சில் மாதிரி வாங்கிக்கொண்டு வண்ணப் படங்களோடு அறிக்கை அனுப்பும் நிறுவனங்கள் பெரும்பாலும் விற்பது இந்த வகைக் கணக்கைத்தான். எனக்கு அவற்றின் மீது அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து உருவானவை. நம்மைப் போன்றவர்களிடம் அவற்றின் துல்லியம் குறைகிறது. அதைவிட முக்கியம், தந்தைக்கு 46 வயதில் மாரடைப்பு என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்கு, குறைவான ஆபத்து என்று ஓர் அறிக்கை வந்தால் அது தரும் பொய்யான நிம்மதி. அரிய ஒற்றை மரபணுப் பழுதுகளைப் பல மலிவான சோதனைகள் முழுமையாகப் பார்ப்பதே இல்லை.

தெற்காசியர்களுக்கென்றே ஒரு கெட்ட மரபணு இருக்கிறதா என்ற கேள்வியும் இதோடு ஒட்டிக்கொண்டு வரும். இந்த அக்கறைக்கு நீண்ட வரலாறு உண்டு. சிங்கப்பூரில் பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்து, அங்குள்ள இந்தியர்களிடம் சீனர்களைவிட இதயக் குழாய் நோய் பன்மடங்கு மிகுந்திருப்பதை டி. ஜே. தனராஜும் உடன் பணியாற்றியவர்களும் 1959இலேயே எழுதினார்கள். அந்த இந்தியர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53 என்றும் பிற நாடுகளில் அது கிட்டத்தட்ட 59 என்றும் தெரியவந்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பின் கோளாறு போன்றவை நம்மவர்களிடம் இளவயதிலேயே குவிந்துவிடுவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், இந்த ஆறு ஆண்டு இடைவெளியின் பெரும்பகுதி விளங்கிவிடுகிறது. ஆகவே நம் இனத்தின் தலையெழுத்து என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. இளவயதில் சர்க்கரை நோய்க்கு ஆளாகும் இயல்பில் மரபின் பங்கு இருக்கலாம். அதைக்கூட வயிற்றுச் சதையும் உட்கார்ந்த வாழ்வும் சேர்ந்துதான் வெளிக்கொணர்கின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். இந்தியர்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை மதுரை, ஐதராபாத் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2009இல் வெளியிட்டது. அச்செய்தி அப்போது பரபரப்பாகப் பேசப்பட்டது. அது இதயத் தசை பலவீனமடைவதோடு தொடர்புடையது, இரத்தக் குழாய் அடைப்போடு அன்று. பின்னர் வந்த ஆய்வுகள், அந்த விடுபாடு தனியாக நின்று இழைக்கும் தீங்கு முதலில் எண்ணியதைவிடக் குறைவு என்றும், அதே பிரதியில் அருகிலுள்ள வேறொரு மாற்றமும் சேரும்போதே ஆபத்து கூடுகிறது என்றும் காட்டின.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உங்கள் சித்தப்பாவின் மரணம். தூக்கத்தில் நின்றுபோன இதயம் எல்லாம் அடைப்பால் நின்றதாகாது. இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் சுமார் 500 பேருக்கு ஒருவரிடம் உண்டு. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கும் பரம்பரைக் கோளாறுகளும் இருக்கின்றன. 51 வயதில் அடைப்பே அதிக வாய்ப்புள்ள காரணம் என்றாலும், அவருக்கு முன்பே மயக்கம் வந்ததுண்டா, பழைய ஈசிஜி அல்லது எக்கோ அறிக்கை ஏதாவது வீட்டில் இருக்கிறதா, உறவில் இளைஞர் எவரேனும் ஓடும்போதோ நீந்தும்போதோ திடீரென விழுந்து இறந்ததுண்டா என்று விசாரியுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் உங்களுக்கு ஈசிஜியும் எக்கோவும் தேவை. அந்த நோய்களில்தான் மரபணுச் சோதனை மிகத் தெளிவான பயன் தருகிறது.

மரபுச் சுமை உறுதியானாலும் பழக்கவழக்கம் வீண் என்று ஆகிவிடாது. 55,000க்கும் மேற்பட்டோரின் தரவைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வில், மரபு ஆபத்தில் மேல் ஐந்தில் ஒரு பங்கில் இருந்தவர்களிலேயே, புகைக்காதவராகவும் உடல் பருமன் இல்லாதவராகவும் உடற்பயிற்சி செய்பவராகவும் நல்ல உணவு உண்பவராகவும் இருப்பது ஆகிய நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களுக்கு, அவற்றைக் கைவிட்டவர்களைவிட நோய் 46 சதவீதம் குறைவாக வந்தது. நீங்கள் இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நிற்கிறீர்கள். ஆனால் அது இரத்தப் பரிசோதனைக்கு மாற்று அன்று. சைவ உணவு என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்; மூன்று வேளையும் வெள்ளை அரிசி, மாலையில் பஜ்ஜி, வனஸ்பதியில் செய்த இனிப்பு என்று போகும் சைவமும் சைவம்தான். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் உயர்ந்திருக்கிறது என்று ஆறுதல் கொள்வதும் வேண்டாம். பிறவியிலேயே எச்டிஎல்லை உயர்த்தும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் தெரிந்துவிட்டது.

ஆகவே இந்த மாதமே லிப்பிட் ப்ரொஃபைல், லைப்போபுரதம்-ஏ, அவற்றோடு சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்து, இரத்த அழுத்தத்தையும் அளந்து, முடிவுகளோடு இதய மருத்துவரிடம் செல்லுங்கள். எல்டிஎல் 190க்கு மேல் வந்தால் மரபணுச் சோதனை அப்போது பொருளுடையதாகிறது. ஏனெனில் பழுதான இடம் இன்னதென்று உங்களிடம் தெரிந்துவிட்டால் உறவினர் ஒவ்வொருவரிடமும் அந்த ஓரிடத்தை மட்டும் தேடினால் போதும். உங்கள் உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. உங்கள் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயதில் ஒரு கொலஸ்ட்ரால் சோதனை செய்துவிடலாம். சித்தப்பாவின் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். தந்தையை இழந்த அந்த வீட்டில் மகளுக்கும் மகனுக்கு இணையாகவே சோதனை வேண்டும், பெண் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.